யார் வாங்கிய உப்பு

கீழ்பென்னாத்தூர்
28.4.2020

அன்புத் தங்கை ஃபராவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் அக்கா சுல்தானா எழுதுவது. ஆமாம், கடிதம்தான். சிரிக்காதே. போனில் பேசினால் இரண்டே நிமிடத்தில் "அக்கா, குக்கர் சத்தம் போடுது, வெச்சுடட்டா?" என்கிறாய். நேற்று மட்டும் உனக்கு மூன்று முறை குக்கர் சத்தம் போட்டது. ஒரு ஆள் சமையலுக்கு எத்தனை குக்கரடி? அதுவும் இந்த வீட்டில் இருக்கிற ஒரே நல்ல போனை ஜீஷான் ஆன்லைன் வகுப்பு என்று பகலெல்லாம் பிடித்துக்கொள்கிறான். மிச்ச நேரத்தில் நான் பேசினால் உன் மச்சான் பக்கத்தில் நின்று காதை நீட்டுகிறார். அதனால் எழுதுகிறேன். காய்கறி வேன் ஓட்டும் மண்ணாங்கட்டி அண்ணன் கொண்டுவருவார். வேனுக்குப் பாஸ் கொடுத்திருக்கிறார்கள். உன் கூடப்பிறந்தவளுக்குக் கொடுக்கவில்லை.

நேராகவே கேட்கிறேன். ஊரடங்கு போட்டதும் "நான் வந்து உன்னோட இருக்கேன்"னு சொன்னேன். நீ "வராதேக்கா" என்றாய். வெங்காயம் ஏற்ற மச்சான் சென்னை மார்க்கெட்டுக்குப் போய்வந்தாராம், அதனால் எனக்கும் ஒட்டியிருக்குமாம். இருக்கலாம். நான் மறுக்கவில்லை. ஆனால் நாலு வருஷத்துக்கு முன்னால் சென்னையில் நாம் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து ஸ்ட்ரெச்சரில் படுத்துப் போனோமே, அன்றைக்கு என் கிட்னி உன்னிடம் "வரலாமா"ன்னு கேட்டுக்கொண்டா வந்தது?

சரி, அதை விடு. போன வாரம் நீ பேசும்போது பின்னால் ஒரு பொம்பளை சிரித்தாள். யார் என்று கேட்டேன். "உண்ணாமலை, சாமான் வாங்கிக் குடுக்குறவங்க" என்றாய். சாமான் வாங்கிக் கொடுப்பவள் கேட்டில் வைத்துவிட்டுப் போகவேண்டியதுதானே. மளிகைப் பையில் சிரிப்பு எங்கிருந்து வந்தது? நீ கூடச் சிரித்தாய். உன்னோடு பேசி நான் அப்படி ஒரு சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று பிறகு உட்கார்ந்து யோசித்தேன்.

இந்த மூட்டையில் பொன்னி அரிசி, நம் கொல்லையில் விளைந்த வேர்க்கடலை, செக்கு எண்ணெய், நாட்டுத் தக்காளி எல்லாம் வைத்திருக்கிறேன். மேலே சின்ன டப்பாவில் பேரீச்சம்பழம். மச்சானின் தம்பி மதீனாவிலிருந்து அனுப்பியது. பிள்ளைகள் கைக்கு எட்டாமல் ஒளித்து வைத்து உனக்குக் கொடுத்தனுப்புகிறேன். நோன்பு வைக்காவிட்டாலும் நோன்பு திறக்கிற நேரத்தில் ஒன்று எடுத்துச் சாப்பிடு.

இனி உனக்கு என்ன வேண்டுமானாலும் எனக்கு எழுது. அவளுக்கு எழுதாதே.

உன் அக்கா,
சுல்தானா

*

திருவண்ணாமலை
1.5.2020

அன்புள்ள அக்கா,

வ அலைக்குமுஸ்ஸலாம். மூட்டை வந்தது. கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இப்போது குக்கர் எதுவும் சத்தம் போடவில்லை.

உன்னை வராதே என்றது எனக்கு மட்டும் சுலபமாகவா இருந்தது? இந்த கெஸ்ட்ஹவுஸில் வெளிநாட்டுக்காரர்கள் எல்லாரும் கடைசி விமானத்தைப் பிடித்துப் போய்விட்டார்கள். எட்டு அறைக்கும் பூட்டுப் போட்டிருக்கிறது. வரவேற்பில் உட்கார வேலை இல்லாவிட்டாலும் மாடி அறையில் இருந்துகொள் என்று ஓனர் சொல்லியிருக்கிறார். முழுக் கட்டடத்துக்கும் நான் ஒருத்திதான். ஆனால் அக்கா, உன் கிட்னியைப் பார்த்து என் உடம்பு "நீ யார் வீட்டுப் பொருள்?" என்று சண்டைக்குப் போகாமல் இருக்கத்தான் தினமும் மாத்திரை சாப்பிடுகிறேன். அந்த மாத்திரை சாப்பிடுகிற உடம்புக்குக் கிருமியையும் கேள்வி கேட்கத் தெரியாது. யார் வந்தாலும் உள்ளே விட்டுவிடும். அதனால்தான் யாரையும் கிட்டே சேர்ப்பதில்லை. உண்ணாமலையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அவளைப் பற்றிக் கேட்டாய், சொல்கிறேன். மலைக்குப் பின்பக்கம் இருக்கிற அடி அண்ணாமலை ஊர்க்காரி. கிரிவலப் பாதையில் மோரும் சுக்குக் காப்பியும் விற்கிற கடை. ஒரு பௌர்ணமிக்கு விற்பதில் ஒரு மாதம் ஓடும். இப்போது கிரிவலம் கிடையாது, கடையும் கிடையாது. மருந்துக் கடை வைத்திருக்கும் அருண்பிரசாத் என்பவர், வெளியே போகக் கூடாத நோயாளிகளுக்குச் சாமான் வாங்கித் தர ஒரு குழு நடத்துகிறார். உண்ணாமலை அதில் சேர்ந்தாள். அதற்காக அவள் வீட்டுக்கு வாராவாரம் அரிசி பருப்புப் பை கிடைக்கிறது. வாரத்தில் இரண்டு நாள் எனக்கு. நான் மேலேயிருந்து கயிற்றில் கூடையை இறக்குவேன். அவள் பையை வைத்துவிட்டுத் தள்ளி நிற்பாள். நான் இழுத்து, ஒவ்வொரு பாக்கெட்டையும் சோப்பு போட்டுக் கழுவி வெயிலில் வைப்பேன். அதுவரை ரோட்டுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பாள். சிரிப்பு அங்கிருந்து வந்ததுதான்.

அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. எனக்கு எது வாங்கினாலும், வாங்குவதற்கு முன்னால் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் போட்டோ எடுத்து ஆபரேஷனுக்கு முன்னால் எனக்கு டயாலிசிஸ் பார்த்த நர்ஸ் எழிலரசிக்கு அனுப்புவாள். நர்ஸ் சரி என்ற பிறகுதான் பையில் போடுவாள். "ஒரு பிஸ்கட் பாக்கெட்டுக்கு ஜாதகம் பாக்குற ஒரே ஆளு நீதாம்மா" என்று கடைக்காரர் திட்டுகிறாராம்.

கோபப்படாமல் இதையும் படி. ஜனவரியிலிருந்து என் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி நிற்கிறது. கடலை, தக்காளி, பேரீச்சை எதுவும் கூடாது என்று சொல்லியிருந்தேன், நீ மறந்துவிட்டாய் போலிருக்கிறது. அரிசியும் எண்ணெயும் வைத்துக்கொண்டேன். மற்றதை உண்ணாமலை பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டேன். மறுநாள் அவள் ஒரு தூக்கில் நோன்புக் கஞ்சி கொண்டுவந்தாள். பள்ளிவாசல் தெருவில் யாரையோ கேட்டுப் பக்குவம் தெரிந்துகொண்டாளாம். எனக்காக உப்பே போடாமல் காய்ச்சியிருந்தாள்.

அவள் என்னை அக்கா என்று கூப்பிடுகிறாள். இதுவரை யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை.

ஃபரா

*

கீழ்பென்னாத்தூர்
5.5.2020

ஃபராவுக்கு,

மூன்று நாள் பதில் எழுதாமல் இருந்தேன். எழுதினால் என்ன வருமோ என்று எனக்கே பயம். இன்றைக்கும் அடங்கவில்லை. வருவது வரட்டும்.

பேரீச்சம்பழம் ஆகாது என்றால் திருப்பி அனுப்பியிருக்கலாமே. என் பிள்ளைகளுக்குக் காட்டாமல் ஒளித்த பழத்தை அவள் பிள்ளைகள் தின்றிருக்கிறார்கள். தின்றால் தின்னட்டும், பிள்ளைகள் மேல் எனக்கு என்ன கோபம். ஆனால் நோன்புக் கஞ்சி! இருபது வருஷமாக ரமலான் முதல் வாரம் உனக்கு யார் கஞ்சி அனுப்பினது? ஆபரேஷன் ஆன பிறகு உனக்கென்று தனிப் பானையில் காய்ச்சினேன் இல்லையா? இந்த வருஷம் கொரோனா என்று தெருவைத் தகரம் அடித்து அடைத்துவிட்டார்கள், வேனில் மூட்டை போகும், கஞ்சித் தூக்கு போகுமா? அந்த இடைவெளியில் மோர்க்கடைக்காரி தூக்கோடு நுழைந்துவிட்டாள். வெந்தயம் போட்டாளா? பாசிப்பருப்பை வறுத்தாளா? நன்றாக இருந்ததா இல்லையா என்று எழுதவே இல்லையே. நன்றாக இருந்திருக்கிறது. அதனால்தான் எழுதவில்லை.

உனக்கு நான் பொறாமைக்காரியாகத் தெரிவேன். தெரியட்டும். எனக்கு எரிகிறது. மச்சானிடம் சொன்னால், "ஏம்மா, யாரோ புண்ணியவதி உன் தங்கச்சிக்கு சாமான் வாங்கித் தர்றா, சந்தோஷப்படுவியா"ன்னு கேட்கிறார். அவருக்கு என்ன தெரியும். நீ சாப்பிடும் ஒவ்வொரு வாயும் என் கிட்னிக்குத்தான் போகிறது. பெண்ணைக் கட்டிக் கொடுத்த வீட்டில் என்ன சமையல் என்று பெற்றவள் விசாரிக்கமாட்டாளா? அப்படித்தான் நானும் கேட்கிறேன். கேட்கிற இடத்தில் நான் இருக்கிறேன், போடுகிற இடத்தில் எவளோ இருக்கிறாள்.

இப்போது கவனமாகக் கேள். போன கடிதத்தில் கஞ்சிக்கு உப்பே இல்லை என்று எழுதினாய். டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னதால் நீ சப்பென்று சாப்பிடுகிறாய் என்று நினைத்தாலே எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை. இத்துடன் ஒரு பாக்கெட் உப்பு வைத்திருக்கிறேன். சாதாரண உப்பு இல்லை. சோடியம் கம்மியான உப்பு. பிபிக்காரர்களுக்கென்றே செய்தது, மேலே இதயம் படம் போட்டிருக்கிறது. மச்சானின் வியாபாரி சிநேகிதர் மூலம் வரவழைத்தேன். சாதா உப்பைவிட விலை ரொம்ப ஜாஸ்தி. இதைத் தாராளமாகப் போட்டு வாய்க்கு ருசியாகச் சாப்பிடு.

ஒன்றே ஒன்று. இதை டப்பாவில் கொட்டிக்கொண்டு கவரைத் தூக்கி எறிந்துவிடு. அவள் கண்ணில் படக் கூடாது. பட்டால் போட்டோ எடுப்பாள், நர்ஸுக்கு அனுப்புவாள். நான் அனுப்புகிற பொருளுக்கு நர்ஸ் கையெழுத்து வேண்டாம். இந்த ஒரு பொருளாவது உன் சமையலில் என்னுடையதாக இருக்கட்டும். எனக்காகச் செய்.

சுல்தானா

*

திருவண்ணாமலை
8.5.2020

அன்புள்ள அக்கா,

சரிக்கா.

நீ சொன்னபடியே உப்பை டப்பாவில் கொட்டிவிட்டேன். கவரையும் எறிந்துவிட்டேன். இரண்டு நாளாக உன் உப்புதான். நாக்கு ஓரத்தில் லேசாக ஒரு கசப்பு இருக்கிறது, பழகிவிடும். ரசத்துக்கு நன்றாகவே இருக்கிறது.

உண்ணாமலை இந்த வாரம் உப்பு வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம், இருக்கிறது என்றேன். அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. அவளிடம் மறைத்தது எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. அது போகட்டும்.

கஞ்சியில் வெந்தயம் இருந்தது. பருப்பை வறுக்கவில்லை. உன் கஞ்சி மாதிரி இல்லை.

ஃபரா

*

கீழ்பென்னாத்தூர்
11.5.2020

என் செல்லத்துக்கு,

பருப்பை வறுக்கவில்லையா? எனக்குத் தெரியும். பாசிப்பருப்பை வாசம் வர வறுக்காமல் கஞ்சி வைத்தால் அது கஞ்சியா, வெந்நீரா? இன்றைக்கு உன் கடிதத்தை மச்சானுக்கே படித்துக் காட்டினேன். "ஜெயிச்சுட்ட போ" என்றார். கேலிதான். இருந்தாலும் இன்றைக்கு நோன்பு திறக்கும்போது எனக்குத் தண்ணீரே இனித்தது.

கசப்பு என்று எழுதியிருந்தாய். விலை உயர்ந்த பொருள் அப்படித்தான் இருக்கும், தேனிலே குழைத்தா கொடுப்பார்கள். இன்னொரு பாக்கெட் அனுப்புகிறேன், தீர்ந்துவிடுமே என்று கையைச் சுருக்காதே. மச்சானுக்குச் சளிப் பரிசோதனை செய்தார்கள், ஒன்றும் இல்லை என்று வந்துவிட்டது. தகரம் எடுத்ததும் நான் வந்து கேட்டில் நிற்பேன். அப்போது அந்த உண்ணாமலையையும் பார்க்கிறேன். எப்படி இருப்பாள்? உயரமா?

உன் அக்கா,
சுல்தானா

*

கீழ்பென்னாத்தூர்
19.5.2020

ஃபரா, ஃபரா,

இது உன் கைக்கு எப்போது வரும் என்று தெரியவில்லை. மண்ணாங்கட்டி அண்ணன் நேற்று வந்து, "மாடியில யாரும் இல்லம்மா, பக்கத்து வீட்டுக்காரரு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனதா சொன்னாரு" என்றார். உன் போன் அணைந்துகிடக்கிறது. நான் ரோட்டில் இறங்கி ஓடினேன். தெருமுனையில் போலீஸ்காரர் நிறுத்திவிட்டார். "என் கிட்னி சார், என் கிட்னி" என்று அவரிடம் கத்தினேனாம். எனக்கு நினைவில்லை, ஜீஷான் சொல்கிறான்.

பிறகு அந்தக் குழுவின் அருண்பிரசாத் நம்பரைத் தேடிப் பிடித்துப் பேசினேன். உயிருக்குப் பயம் இல்லை, இரண்டு மூன்று நாளில் அனுப்பிவிடுவார்கள் என்றார். அல்லாஹ்வுக்கு நன்றி. ஏன் இப்படி ஆயிற்று என்று கேட்டேன். அவர் சொல்லத் தயங்கினார். நான் விடவில்லை. உப்புதான் காரணம் என்றார். கிட்னிக்காரர்களுக்கு ஆகாத உப்பாம். இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இருதயம் தாறுமாறாக அடித்ததாம். யார் வாங்கியது என்று விசாரித்ததில் உண்ணாமலையே ஒத்துக்கொண்டாளாம். "நான்தான் மாத்தி வாங்கிட்டேன்" என்று அவள் வாயாலேயே சொன்னாளாம்.

பார்த்தாயா? நான் ஒருத்தி கரடியாகக் கத்தினேனே! போட்டோ எடுப்பாள், ஜாதகம் பார்ப்பாள் என்று எழுதினாயே, கடைசியில் என்ன வாங்கி வந்தாள் பார். என் உப்பு வீட்டில் இருக்கும்போது அவள் உப்பை நீ ஏன் தொட்டாய்? இரண்டு பாக்கெட் அனுப்பினேனே, போதாதா?

நான் சும்மா இருக்கவில்லை. "அந்தப் பொம்பளையை இனிமே யார் வீட்டுக்கும் அனுப்பக் கூடாது, அனுப்பினா போலீஸுக்குப் போவேன்"னு சொல்லிவிட்டேன். நீக்கிவிட்டதாக இன்றைக்குக் காலையில் அவரே போன் செய்து சொன்னார். இன்றைக்குத்தான் ஒரு வாய் சோறு இறங்கியது.

உடம்பு தேறியதும் ஒரு வரி எழுது. ஒரு வரி போதும்.

சுல்தானா

*

திருவண்ணாமலை
23.5.2020

அக்கா,

அறைக்குத் திரும்பி வந்துவிட்டேன். இரத்தப் பரிசோதனை சரியாகிவிட்டது. உன் கிட்னிக்கு ஒன்றும் ஆகவில்லை. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்றதைப் படிக்க உனக்கு இந்தத் தைரியம் வேண்டும்.

அந்த உப்பு நீ அனுப்பியது.

சோடியத்தைக் குறைத்த இடத்தில் பொட்டாசியத்தைப் போட்டிருக்கிறார்கள். பிபி மட்டும் உள்ளவர்களுக்கு அது சரி. என்னைப் போன்றவர்களுக்கு ஆகாது என்று பின்பக்கம் பொடி எழுத்தில் எச்சரிக்கையே இருக்கிறது. நீயும் படிக்கவில்லை, நானும் படிக்கவில்லை. படிக்கிற ஒருத்தியின் கண்ணில் படாமல் இரண்டு பேரும் சேர்ந்து மறைத்தோம்.

அன்று காலை எனக்குக் கால் எழவில்லை. நெஞ்சு விட்டு விட்டு அடித்தது. கூடை இறங்காததைப் பார்த்து உண்ணாமலை மேலே வந்தாள். இரண்டு மாதத்தில் அன்றுதான் அவள் என் வாசற்படியைத் தாண்டினாள். ஆட்டோவில் அவள் மடியில் படுத்துத்தான் போனேன். "புதுசா என்ன சாப்பிட்டீங்க" என்று டாக்டர் கேட்டபோது எனக்குப் பேச்சு வரவில்லை. அவள் திரும்பிப் போய் சமையலறை முழுக்கப் போட்டோ எடுத்து எழிலரசி சிஸ்டருக்கு அனுப்பினாள். நீ இரண்டாவதாக அனுப்பிய பாக்கெட் பிரிக்காமல் இருந்தது.

அந்த உப்பு யாருடையது என்று அவளிடம் நான்தான் சொன்னேன். "எங்க அக்காவுக்குத் தெரிஞ்சா உயிரை விட்டுடும், யார்கிட்டயும் சொல்லாதே"ன்னு கையெடுத்துக் கும்பிட்டேன். அவள் என் கைகளைப் பிரித்துவிட்டாள். பிறகு, "உங்க அக்கா உங்களுக்கு ஒடம்புலேர்ந்து எடுத்துக் குடுத்திருக்காங்க. நான் பேரைத்தானே குடுக்கணும். போவட்டும்க்கா" என்றாள். அருண்பிரசாத் வந்து கேட்டபோது நான்தான் வாங்கினேன் என்றாள். நான் கட்டிலில் படுத்துக்கொண்டு கேட்டேன், வாயைத் திறக்கவில்லை. அது என் குற்றம். உன்மேல் போடவில்லை.

நீ அவளை நீக்கச் சொல்லாதிருந்தால் இதை உனக்குக் கடைசிவரை எழுதியிருக்கமாட்டேன். இப்போது அவள் வீட்டுக்கு வாராந்திரப் பை நின்றுவிட்டது. ஊரில் அவளைப் பார்த்து "உப்பு மாத்தி வாங்கினவ" என்கிறார்களாம். அவளுக்குப் பதிலாக வந்தவர் எனக்கு நேற்று ஒரு சீப்பு வாழைப்பழமும் இரண்டு இளநீரும் கொண்டுவந்தார். நோயாளிக்கு நல்லதாம். இரண்டிலும் அதே பொட்டாசியம்தான், கூடையிலேயே திருப்பி இறக்கினேன்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் இனி எப்போதும் எழுதமாட்டேன். அந்த உப்பு முதல் நாளே கசந்தது. பழகிவிடும் என்று உனக்கு எழுதினேனே, அது பொய். வாயில் வைக்கவே பிடிக்கவில்லை. உண்ணாமலை வாங்கித் தந்திருந்தால் "இன்னாடி இது, கசக்குது"ன்னு மேலேயிருந்தே கத்தியிருப்பேன். உன்னிடம் சொல்ல முடியவில்லை. நாலு வருஷமாக நீ எது சொன்னாலும் நான் சரிக்கா என்றுதான் சொல்கிறேன், கவனித்திருக்கிறாயா? பிடிக்காத சுடிதார் எடுத்து அனுப்பினாலும் சரிக்கா. வேண்டாத மாப்பிள்ளையைப் பார்க்கச் சொன்னாலும் சரிக்கா. உனக்கு மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஊரடங்கில் "வராதேக்கா" என்று ஒருமுறை சொன்னேன். அதற்கும் நீ ஒரு மாதம் பேசினாய்.

அவளோடு ஏன் சிரிக்கிறேன் என்று கேட்டாய். அவளுக்கு நான் எதுவும் திருப்பித் தர வேண்டியதில்லை அக்கா.

நாளை மறுநாள் பெருநாள். பிள்ளைகளுக்கு என் துஆ சொல்லு.

ஃபரா

*

கீழ்பென்னாத்தூர்
1.6.2020

ஃபராவுக்கு,

பெருநாளன்று நான் புதுப்புடவை கட்டவில்லை. பிரியாணி வைத்தேன், உப்பு டப்பாவை மட்டும் நான் தொடவில்லை. மச்சான் வந்து போட்டார். உன் கடிதத்தை அவரிடம் கொடுத்தேன். படித்துவிட்டு வெளியே போய் உட்கார்ந்துகொண்டார். ஏதாவது திட்டியிருந்தால் தேவலை.

உன்னைக் கொல்லப் பார்த்தேன். சுற்றி வளைத்து எழுதி என்ன பயன். எவளோ ஒருத்தி உனக்கு உப்பு வாங்கிவிடக் கூடாது என்று உன்னைக் கொல்லப் பார்த்தேன்.

செய்ததைச் சொல்கிறேன். முதலில் அருண்பிரசாத்துக்குப் போன் போட்டேன். ஸ்பீக்கரில் போட்டேன். பக்கத்தில் மச்சானும் ஜீஷானும் இருந்தார்கள். "உப்பு அனுப்பினது நானு. மறைச்சு வெக்கச் சொன்னதும் நானு. அந்தம்மா மேல எந்தத் தப்பும் இல்ல. இதை உங்க குழுவுல இருக்குற எல்லாருக்கும் என் பேரைப் போட்டு சொல்லுங்க"ன்னேன். அவர் "அதெல்லாம் எதுக்கும்மா"ன்னு இழுத்தார். என் குரலிலேயே பதிவு செய்து அவருக்கு அனுப்பிவிட்டேன். குழுவில் போட்டிருக்கிறார். கீழ்பென்னாத்தூர் வரைக்கும் கேட்டுவிட்டார்கள். எதிர்வீட்டு வெள்ளையம்மாள் என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டாள். போகட்டும்.

பிறகு உண்ணாமலைக்குப் பேசினேன். நம்பர் கிடைத்தும் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் பேசினேன். என்ன சொல்வது என்று எழுதி வைத்திருந்தேன், அவள் "அலோ" என்றதும் எல்லாம் மறந்துவிட்டது. அழுதேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பாக்கெட்டை நானும் தேடியிருக்கணும்மா. உப்பு வேணாம்னு சொன்னப்பவே எனக்கு சந்தேகம் வந்துச்சு. சரி, அக்கா வூட்டு விஷயம், நமக்கு இன்னாத்துக்குன்னு விட்டுட்டேன். அது என் தப்புதான்" என்றாள். மன்னிக்கிறேன் என்று சொல்லவில்லை. கோபம் என்றும் சொல்லவில்லை. நாளையிலிருந்து மறுபடி வேலைக்கு வரச் சொன்னார்கள், வருகிறேன் என்றாள். நின்றுபோன பைகளுக்கும் சேர்த்து அரிசி பருப்பை மண்ணாங்கட்டி அண்ணன் வேனில் அனுப்பினேன். வாங்கிக்கொண்டாள். வாங்கமாட்டேன் என்று சொல்லியிருந்தால் எனக்கு அவள் மேல் கோபம் வந்திருக்கும்.

ஒரு பொய் சொல்லமாட்டேன். பொறாமை போய்விட்டது என்று நினைக்காதே. முன்பைவிட ஜாஸ்தியாகத்தான் இருக்கிறது. முன்பாவது நான் உடம்பைக் கொடுத்தவள், அவள் கூடையில் கத்திரிக்காய் போட்டவள் என்று மனதைத் தேற்றிக்கொண்டிருந்தேன். இப்போது அவளும் கொடுத்துவிட்டாள். அதுவும் எனக்காக. கொடுத்துவிட்டு அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நான் நாலு வருஷமாகப் பேசிக்கொண்டே இருக்கிறேன்.

சின்ன வயதில் நீ என்னோடு எப்படிச் சண்டை போடுவாய்! சீப்புக்குச் சண்டை, ஜன்னலோர இடத்துக்குச் சண்டை. ஒருமுறை என் கையைக் கடித்து இரத்தம் வந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு நீ என்னோடு சண்டையே போடவில்லை. தங்கைக்குப் பக்குவம் வந்துவிட்டது என்று நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கசந்தது என்று தெரிந்தும் பத்து நாள் எனக்காக அதைச் சாப்பிட்டாயே ஃபரா. உன் உடம்பில் என் கிட்னியை வைத்து, உன் நாக்கை நான் எடுத்துக்கொண்டேன் போலிருக்கிறது.

கிட்னியை நான் கொடுத்துவிட்டேன். அது உன்னுடையது. இனி அதற்குக் கணக்கு கேட்டால் போனை வை. குக்கர் சாக்கு எல்லாம் வேண்டாம், நேராகவே வை.

இன்றிலிருந்து பஸ் ஓடுகிறது. தகரத்தையும் எடுத்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை வரட்டுமா? உள்ளே வரமாட்டேன். முகக்கவசம் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கிறேன். மேலேயிருந்து நீ முகத்தைக் காட்டினால் போதும். கையில் ஒன்றும் கொண்டுவரமாட்டேன், சத்தியமாக.

சுல்தானா

*

திருவண்ணாமலை
3.6.2020

அக்கா,

வெள்ளிக்கிழமை வராதே.

அன்றைக்குப் பௌர்ணமி. கிரிவலம் கிடையாது. மூன்று பௌர்ணமியாக உண்ணாமலைக்குக் கடை இல்லை. அந்த நாளில் பாதை வெறிச்சோடிக் கிடப்பதைப் பார்க்க அவளுக்குத் தாங்காது. சாயங்காலம் என் கேட்டுக்கு எதிரே வந்து உட்காருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். அன்றைக்கு நான் அவளோடு மட்டும்தான் பேசப்போகிறேன். நீ வந்தால் நீதான் பேசுவாய், வேறு யாருக்கும் வாய் திறக்க இடம் இருக்காது.

சனிக்கிழமை வா. காலையிலேயே வா, வெயில் ஏறிவிடும். அழுதுகொண்டு நிற்காதே, தெருவில் எல்லாரும் பார்ப்பார்கள், எனக்குப் பிடிக்காது. போன பெருநாளுக்கு எடுத்துத் தந்த பச்சை சுடிதாரைப் போட்டுக்கொண்டு நில் என்று சொல்லாதே, போடமாட்டேன். அந்த நிறம் எனக்கு என்றைக்குமே பிடித்ததில்லை.

எரிகிறதா? எரியட்டும்.

ஃபரா